மூடிய கிரவல் கிடங்கு: மாரிக்கு முன்னும் பின்னும் பார்த்தவை

வீதிக்குப் போடும் சரளை மண்ணான கிரவலை அள்ளி முடிந்த கிடங்கை மண் போட்டு மூடி, மட்டப்படுத்தி, மேட்டுக்காணி என்று சொல்லிக் கைமாற்றுவது வன்னியில் இப்போது சாதாரணமாகிவிட்டது. 2009-க்குப் பிறகு ஏ9 வீதியைத் திருத்தினார்கள், ரயில் பாதையைத் திரும்பப் போட்டார்கள், வீட்டுத்திட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் எழும்பின. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போனது. இவ்வளவுக்கும் வேண்டிய கிரவல் காட்டோர மேட்டு நிலங்களில் இருந்துதான் போனது. அள்ளிய இடங்கள் சில இன்னும் தண்ணீர் கட்டி, மாடும் பிள்ளைகளும் விழக்கூடிய கிடங்குகளாகவே கிடக்கின்றன. சிலவற்றை மூடிவிட்டார்கள். அப்படி மூடிய ஒன்றில் வீடு கட்டலாமா என்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காணி மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், பிரதான வீதியில் இருந்து உள்ளே. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. என் சித்தியின் மகனுக்கு மனைவி வழியில் வந்தது. அவனுக்கு வீடு கட்ட அவசரம்.

"அண்ணை, ரோலர் விட்டு நல்லா இறுக்கினதாம். பயமில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"மண் கொண்டுவந்து கொட்டின டிப்பர்க்காரர்தான்."

சரி, ஒரு மாரி போகட்டும், அதுவரை அத்திவாரம் வெட்டாதே என்றேன். முகம் சுருங்கினாலும் கேட்டான்.

எனக்கு இந்த வேலை பழகிய இடம் வேறு. அகதியாகத் தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் கடலூர் மாவட்டத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நின்றேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்து, மண்ணால் திரும்ப நிரப்பிய நிலத்தில் வாய்க்கால் வெட்டுவதும் கன்று நடுவதும் வேலை. அங்கே கரிக்கு மேல் கிடக்கும் மண்ணை, சக்கரத்தில் வாளி பூட்டிய பெரிய இயந்திரங்கள் வெட்டி எடுக்கும். அது நீண்ட பட்டிகளில் ஓடிப்போய், முன்பே கரி எடுத்த பக்கத்தில் கொட்டுப்படும். மழை விட்டதும் மேற்பார்வையாளர் எங்களை வரிசையாக அந்த மேடுகளில் நடக்கவிடுவார். வெடிப்பு, புதுப் பள்ளம், ஊற்று, கலங்கல் தண்ணீர், இந்த நாலில் எதைக் கண்டாலும் அதில் ஒரு கம்பு நட்டுவிட்டு நடக்க வேண்டும். நெய்வேலிக்கும் வன்னிக்கும் மழை ஒன்றுதான், ஒக்டோபரில் பிடித்து டிசெம்பர்வரை வருடத்து மழையில் பெரும்பங்கைக் கொட்டிவிட்டுப் போகும் வடகீழ்ப் பருவமழை. அதனால் அங்கே பழகியது இங்கே அப்படியே செல்லும்.

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நுரைச்சோலை மின் நிலையத்துக்கு வேண்டிய கரிகூடக் கப்பலில்தான் வருகிறது. ஆனால் தோண்டிய நிலத்தை நிரப்பித் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் அதிகம் பட்டவர்கள் நிலக்கரிக்காரர்கள்தான், அதற்கென்று சட்டமும் அதிகம் அவர்களுக்குத்தான் வந்தது. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேலிருந்து வெட்டிக் கரி எடுத்த நிலத்தை ஏறக்குறையப் பழைய மேடுபள்ள வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும். நிரப்பிய சரிவைச் சரியவிடாமல் பிடித்து நிற்கும் பலம், அதைக் கீழே இழுக்கும் பாரத்தைப் போலக் குறைந்தது 1.3 மடங்கு இருக்க வேண்டும். நட்ட புல்லும் மரமும் நிலைக்கிறதா என்று மழையுள்ள பகுதியில் 5 வருடமும் வறண்ட பகுதியில் 10 வருடமும் கம்பனி பொறுப்பு நிற்க வேண்டும். இங்கே கிரவலுக்கு 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில் நிலத்தைச் சீராக்கும் நிபந்தனையும் இருக்கும். சீராக்கிய நிலத்தை மூன்றாம் வருட மாரியில் போய்ப் பார்ப்பது யார் என்று கேட்டால் பதில் வராது. காணி வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் காணிக்குப் போகாமலே பார்க்கக்கூடியதைப் பார்த்தோம். கூகுள் ஏர்த்தில் பழைய வருடப் படங்களுக்குப் பின்னால் போகலாம். தம்பியின் மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்ததில், முதலில் காடு, பிறகு சிவப்பாக ஒரு வெட்டு, பிறகு அது பெரிதாகி ஒரு பக்கத்தில் தண்ணீர், கடைசியில் எல்லாம் ஒரே மண் நிறம். கிடங்கு ஆகப் பெரிதாக இருந்த படத்தை அச்செடுத்து, அதன் கரையைச் சிவப்புப் பேனாவால் கீறிக்கொண்டேன். அந்தக் கோடுதான் பிறகு எல்லா வேலைக்கும் அடிப்படையானது. பழைய தரையும் போட்ட மண்ணும் சேரும் அந்த இடத்தைப் பொருத்து என்று சொல்லிக்கொள்கிறேன். மூடிய நிலத்தில் வில்லங்கம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

படத்தில் தெரியாத ஒன்றை அந்தப் பக்கம் மாடு சாய்க்கிற ஐயா ஒருவர் சொன்னார். "தம்பி, உந்தக் கிடங்கு வெட்டமுந்தி இதால ஒரு ஓடை ஓடினது. மாரிக்கு முழங்கால் தண்ணி. அங்கால சின்னக் குளத்துக்குத்தான் போறது." கையை நீட்டிக் காட்டிய திசை காணியின் நடுவால் போனது. கிடங்கை மூடியவர்கள் ஓடைக்கு வழி விடவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு அபர்வான் நினைவுக்கு வந்தது. வேல்ஸ் நாட்டு நிலக்கரி ஊர். சுரங்கக் கழிவை மலைச்சரிவில் குவித்துக்கொண்டே போனார்கள். ஏழாம் இலக்கக் குவியலை 1958-இல் தொடங்கிய இடத்தில் அடியில் ஊற்று இருந்தது. அது வரைபடத்திலும் இருந்தது. பல நாள் மழைக்குப் பிறகு 1966 ஒக்டோபர் 21 காலையில் குவியல் குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் பிள்ளைகள். பிரித்தானியாவில் கழிவுக் குவியல்களுக்கென்று தனிச் சட்டம் 1969-இல்தான் வந்தது. எங்கள் காணி எங்கே, அந்த மலை எங்கே, அளவில் ஒப்பே கிடையாது. ஆனாலும் நிரப்புகிற மண்ணுக்கு அடியில் தண்ணீர் எந்த வழியால் போய்க்கொண்டிருந்தது என்பது இரண்டு இடத்திலும் கொட்டியவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி.

தோண்டுவதற்கு முன் வன்னியில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தினோம். நிரப்பிய மண் எந்த இடத்தில் இருந்து வந்தது என்பதையும் விசாரித்தோம், ஏனென்றால் காணி சுத்தமாக இருந்தாலும் கொண்டுவந்த மண்ணோடு வெடிக்காத பொருள் வரலாம். சந்தேகமாக எதையும் கண்டால் தொடாமல் விலகி 119-க்கு அழைப்பதுதான் முறை.

பொருத்தைத் தரையில் கண்டுபிடிப்பது நினைத்ததைவிட லேசாக இருந்தது. பழைய தரையில் பாலை, வீரை அடிக்கட்டைகள் தளிர்த்து நின்றன. போட்ட மண்ணில் இப்பில் இப்பிலும் ஆவரசும்தான். படக்கோடும் செடிக்கோடும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மிச்சத்தை 12 மில்லிமீற்றர் கம்பியில் கைபிடி ஒட்டிய குத்துக்கோலால் உறுதிப்படுத்தினேன். பழைய கிரவலில் குத்தினால் முழங்கைவரை அதிரும். போட்ட மண்ணில் மேல் இரண்டு அடி அப்படியே அதிர்ந்தது, அதைத் தாண்டியதும் கோல் தன் பாட்டில் இறங்கியது. ரோலர் ஓடியது உண்மைதான். ஆனால் ரோலரின் இறுக்கம் மேலே ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு அடி அளவுக்கு மட்டும்தான் செல்லும். அடியில் இருந்து அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு படைக்கும் ரோலர் விட்டு வந்தால்தான் முழுக்க இறுகும். இங்கே எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு மேல் கிரவலுக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள்.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் பிடித்துச் சோதனைக் குழிகள் வெட்டினோம். பொருத்தை ஒட்டி, நடுவில், கீழ்ச் சரிவுக்கு அருகில் என்று. நடுக்குழியில் பழைய தரை வந்தது பதின்மூன்று அடியில், நாலு மீற்றர் கணக்கு. ஆளை உள்ளே இறக்கவில்லை. நெஞ்சளவுக்கு மேற்பட்ட குழி போட்ட மண்ணில் எந்த நேரமும் சரியும். வாளியில் வந்ததை வரிசையாக மேலே பரப்பிப் பார்த்தோம். மேலே சிவந்த கிரவல். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, ஏதோ குளம் தூர் எடுத்த மண், இன்னும் ஈரமும் நாற்றமும் போகாமல். அதற்குள் மரக் குற்றிகள், உடைந்த சீமெந்துக் கட்டிகள், உரப் பைகள். ஒரு குற்றியை அலவாங்கால் தட்டினேன், தோல் மட்டும் கட்டியாக இருந்தது, உள்ளே கையால் நுள்ளி எடுக்கலாம். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அந்த இடம் வெறும் பொந்து.

வீதி வேலை செய்யும் தெரிந்த பொடியன் ஒருவனிடம் மண்ணின் இறுக்கத்தை அளக்கும் கூம்பு ஊடுருவுமானியை ஒரு நாள் கேட்டு வாங்கினேன். 8 கிலோ சம்மட்டி, 575 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்து தானாக விழும், கீழே கூம்பு முனை, சம்மட்டி ஒரு தடவை விழ எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டியதுதான். பழைய தரையில் ஒரு தடவைக்குப் பத்துக்கும் குறைவு. போட்ட மண்ணில் மேற்படை தாண்டியதும் நாற்பது, ஐம்பது. சில இடங்களில் ஒரே தடவையில் ஒரு சாண் போனது, அது பொந்து அல்லது குற்றி. தம்பி சம்மட்டியைத் தூக்கிவிட்டு, எண்ணை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசவில்லை. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனிக் கணக்கு. இறுக்காமல் கொட்டிய மண் காய்ந்த நிலையில் ஒருவாறு தாங்கிக்கொண்டு நிற்கும். முதல்தடவை நன்றாக நனையும்போது துணிக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி மொத்தமாக ஒரு இறக்கம் இறங்கும். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களை நிரப்பிய நிலத்தில் அது ஆழத்தில் நூற்றுக்கு ஒன்று இரண்டு அளவுக்கு வருவது வழக்கம். எங்கள் நாலு மீற்றருக்கு நாலு முதல் எட்டு சென்ரிமீற்றர். முழுக் காணியும் ஒரே சீராக எட்டு சென்ரிமீற்றர் இறங்கினால் வீட்டுக்கு அவ்வளவு கேடில்லை. பொருத்துக்கு அப்பால் பழைய தரை ஒரு மயிரளவும் இறங்காது, அதுதான் தொல்லை. வீட்டின் ஒரு மூலை அதில், மறு மூலை இதில் என்றால் அத்திவாரம் நடுவில் முறியும். தம்பி கீறி வைத்திருந்த வரைபடத்தில் குசினியும் குளியலறையும் சரியாகப் பொருத்தின்மேல் வந்தன.

ஒரு சின்னச் சோதனை, செலவில்லாதது, கட்டாயம் செய்யுங்கள். போட்ட மண்ணில் கடலை அளவு காய்ந்த கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல விட்டுவிட்டு ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். கட்டி உடைந்து கீழே குவிந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றித் தண்ணீர் பால் கலந்தது போல மங்கி, அந்த மங்கல் குவளை முழுக்கப் பரவினால் அது கரைந்தோடும் மண். சோடியம் கூடிய களி அப்படித்தான் செய்யும். அதில் வெடிப்பு ஒன்று வழியாகத் தண்ணீர் நுழைந்தால் உள்ளுக்குள்ளேயே சுரங்கம் போலக் குடைந்துகொண்டு போகும், மேலே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் மாட்டின் கால் பொத்தென்று உள்ளே போகும். அவுஸ்திரேலியாவில் நிரப்பிய நிலக்கரி நிலங்களில் இது பெரிய தலையிடி. சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கக் கூடாது. வன்னிக் கிணறுகள் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் கூட, அந்த உப்பே மண்ணைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் அல்லது கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் வேண்டும். நாங்கள் இரண்டு குவளை பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கிணற்றுத் தண்ணீரில் விட்ட குளத்துக்களி தெளிவாகவே கிடந்தது. மழைத்தண்ணீரில் விட்ட அதே களி அரை மணித்தியாலத்தில் குவளையின் அடியை மறைத்துவிட்டது.

மாரி பிடிக்க முன் முளைகள் நட்டோம். மூன்று அடி இரும்புக் கம்பித் துண்டுகள், அடியில் கொஞ்சம் கொங்கிறீற், பொருத்துக்குக் குறுக்காக ஒரு வரிசை, கீழ்ச் சரிவின் விளிம்பு நெடுக ஒரு வரிசை. ஒப்பிட்டுப் பார்க்கும் மட்டம் வீதி மதகின் சீமெந்துச் சுவரில் கீறிய ஒரு கோடு. அந்தக் கோடே போட்ட மண்ணில் இருந்தால் அதுவும் சேர்ந்தே இறங்கும், பிறகு அளந்து பயனில்லை. அளந்தது மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல், வெயில் ஏற முன் காலையில் பார்த்தால் சில மில்லிமீற்றர் பிழைக்குள் வரும். இந்த வேலைக்கு அது போதும்.

கார்த்திகையில் மழை இறங்கியது. நான் ஆடி ஆவணியில் காணி பார்த்து விலை பேசுகிறவர்களைக் கண்டால் சிரிப்பேன். அந்த மாதங்களில் வன்னியில் எந்தக் காணியும் நல்ல காணிதான். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் எந்தெந்த வளவு தாழ்ந்தது என்று ஊரில் கேட்டாலே பாதிக் காணிக்கு விலை பாதியாகிவிடும்.

மழைக்குள் குடையோடு நின்று பார்த்ததில் மூன்று விஷயம் தெளிவானது. மேல் பக்கத்துக் காட்டுத் தண்ணீர் முழுவதும், பழைய ஓடை வந்த அதே தாழ்வால், நேரே பொருத்துக்குள் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு சுழி, ஆனால் அதற்குக் கீழே தரையில் ஓடும் தண்ணீர் குறைவு. மிச்சம் உள்ளே போகிறது. அடுத்தது, நடுவில் ஒரு தாழ்வு விழுந்து தண்ணீர் கட்டத் தொடங்கியது. மட்டமாகச் சமப்படுத்திய நிலம் இறங்கினால் கிண்ணமாகும், கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் இன்னும் இறங்கும். மூன்றாவது, கீழ்ச் சரிவு. அது பத்தடி உயரம், ஒரு அடி உயரத்துக்கு ஒன்றரை அடி நீளம், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை என்ற செங்குத்துக் கணக்கில் விட்டிருந்தார்கள். அதன் விளிம்புக்கு உள்ளே ஒரு முழத்தில், விளிம்புக்குச் சமாந்தரமாக, விரல் நுழையும் வெடிப்பு.

வெடிப்பின் அகலத்தைவிட அது வளர்கிற வேகம்தான் முக்கியம். இரண்டு பக்கமும் முளை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி அளந்து பலகையில் எழுதினோம். மழையில்லாத நாட்களில் அசையவில்லை. பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் அடுத்த நாள் கொஞ்சம் விரிந்தது. அப்போதே அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தோம், தண்ணீர் உள்ளே இறங்காமல்.

சரிவின் அடியில்தான் அதிக நேரம் நின்றேன். அடியில் ஒரு இடம் கசிந்தது. முதலில் செம்மஞ்சள் நிறப் படிவு, தண்ணீரின்மேல் எண்ணெய் மினுக்கம். தம்பி டீசல் என்றான். ஒரு குச்சியால் மினுக்கத்தைக் கிளறினேன். அது தட்டுத்தட்டாக உடைந்து உடைந்தபடியே நின்றது. எண்ணெய் என்றால் திரும்ப ஒன்றுசேரும். இது இரும்புச்சத்தை உண்ணும் நுண்ணுயிர்களின் படலம், கிரவல் மண்ணில் சாதாரணம். நிலக்கரி நிலமாக இருந்தால் இதே செம்மஞ்சள் நிறம் வேறு கதை. கரியோடு வரும் கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் காற்றும் தண்ணீரும் பட்டு அமிலமாகி, கீழே உள்ள ஆற்று மீனையே கொன்றுவிடும். அதனால் ஒரு அமிலத்தாளும் நனைத்துப் பார்த்தோம். நடுநிலையை ஒட்டியே இருந்தது.

நிறம் பயமில்லை, கலங்கல்தான் பயம். கசிவைப் போத்தலில் பிடித்து வைத்தால் முதல் சில நாள் தெளிந்தே இருந்தது. ஒரு இரவு முழுக்கக் கொட்டிய மழைக்குப் பிறகு போத்தலின் அடியில் விரல்கடை மண் படிந்தது. உள்ளே இருந்து மண் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குளக்கட்டில் கசிவு கண்டால் ஊரில் எல்லோரும் சேர்ந்து களியையும் மண்மூடையையும் வைத்து அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்ப்பக்கத்தில் அப்படி அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தால் இன்னும் வேகமாக வரும். தண்ணீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். கசிந்த இடத்தில் முதலில் பருமணல், அதன்மேல் முக்கால் இஞ்சிச் சல்லி, அதன்மேல் பெரிய கல் என்று வைத்தோம். மறுநாள் முதல் அதே அளவு தண்ணீர், ஆனால் தெளிந்து வந்தது.

கீழே வயல் செய்கிற அண்ணை ஒருவர் தன் வரம்புக்கு மண் எடுக்க இந்தச் சரிவின் அடியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். "அண்ணை, உதில வெட்டாதேங்கோ, மேல கிடக்கிறது முழுக்க உங்கட வயலுக்குள்ள வந்திடும்" என்றேன். அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து வெடிப்பைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு நாங்கள் மேல் மண்ணைச் சீவியபோது அவருக்கு வேண்டிய மண்ணை நாங்களே கொடுத்தோம்.

தைக்குப் பிறகு மண் காய்ந்ததும் திருத்த வேலை. மேல் பக்கத்தில் பொருத்துக்கு வெளியே, பழைய தரையிலேயே, தண்ணீரைத் திருப்பும் வாய்க்கால் ஒன்று வெட்டினோம். நூறு அடிக்கு அரை அடிச் சரிவு. அதைவிடக் கூடினால் வாய்க்காலே அரிக்கும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் வரம்பாக இறுக்கி அருகம்புல் பதித்தோம். வாய்க்கால் காணியைச் சுற்றிப் போய்ப் பழைய ஓடையின் கீழ்ப்பகுதியில் சேருகிறது. சேரும் இடத்தில் தண்ணீர் விழுந்து குழி பறிக்காமல் கருங்கல் பதித்தோம், கல்லுக்கு அடியில் சல்லி. சீமெந்து பூசச் சொன்னான் தம்பி. நான் விடவில்லை. நிலம் இன்னும் அசையும், அசைந்தால் சீமெந்து வெடித்து அடியால் தண்ணீர் போகும். கல் தானாகத் திரும்ப அமரும்.

கீழ்ச் சரிவின் தலையைச் சீவி ஒன்றுக்கு மூன்று ஆக்கினோம். பத்தடி உயரத்துக்கு முப்பதடி நீளம் வேண்டும், மேலே பதினைந்தடிக் காணி போனது. அதில்தான் வீட்டில் சண்டை. பாரத்தை மேலே குறைப்பது, அடியைத் தொடாமல் விடுவது, இந்த இரண்டுக்கும் குறுக்கு வழி இல்லை. வெடிப்பு இருந்த இடமும் அந்தச் சீவலோடு போய்விட்டது. மிஞ்சிய வேறு வெடிப்புகளைத் தோண்டித் திறந்து, களியும் கிரவலும் கலந்து அரை அடிப் படைகளாகத் திமிசு போட்டு இறுக்கினோம். வெடிப்புக்குள் மணல் ஊற்றி மூடுவது தண்ணீருக்கு வழி கட்டிக் கொடுக்கிற வேலை. நடுத் தாழ்வை நிரப்பி, முழு மேற்பரப்புக்கும் நூறு அடிக்கு மூன்று அடிச் சரிவு கொடுத்தோம், இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் தண்ணீர் கட்டாமல் இருக்க. சரிவில் குறுக்கு வரிசைகளாக வெட்டிவேர்.

முளைகளின் கணக்கு, மாரி முடிந்தபோது: பழைய தரையில் அசைவில்லை, பொருத்தை ஒட்டி ஒன்றரை சென்ரிமீற்றர், நடுவில் ஐந்து. எதிர்பார்த்த எட்டில் மிச்சம் இனி வரலாம், குற்றிகள் உக்கும்போது கூடவும் வரலாம்.

வீட்டுக்கு இடம் காணியின் பின்மூலை. அங்கே பழைய தரை இருக்கிறது. பொருத்து நிலத்துக்கு அடியில் சரிந்துதான் போகும், அதனால் மேலே தெரிந்த கோட்டில் இருந்து கிடங்கின் ஆழமளவாவது விலகி அத்திவாரம் வர வேண்டும் என்று பதினைந்து அடி தள்ளினோம். "றோட்டுக்கு முகம் காட்டாத வீடு என்ன வீடு" என்று தம்பியின் மனைவிக்கு மனக்குறை. முன்பக்கம் முழுக்க அவளுக்குத் தோட்டமாகக் கொடுத்திருக்கிறது. வாழையும் மரவள்ளியும் வைக்கலாம், அவை நிலம் இறங்கினால் கோபிக்காது. தென்னை வேண்டாம் என்றேன், அடியில் குற்றி உக்கினால் மரம் சாயும். மலசலகூடக் குழியும் ஊறுகுழியும் கூரைப் பீலித் தண்ணீரும் எந்தக் காரணத்துக்கும் போட்ட மண்ணுக்குள் போகக் கூடாது. வருடம் முழுக்க ஒரே இடத்தில் நனைத்துக்கொண்டிருக்கும் ஊறுகுழி, ஒரு மாரி செய்யாததைச் செய்துவிடும். பீலித் தண்ணீரைக் குழாயில் பிடித்துத் திருப்பு வாய்க்காலில் விட்டிருக்கிறோம்.

அத்திவாரம் முடிந்து சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கிறது. வாய்க்கால் சேரும் இடத்தில் பதித்த கல்லில் சிலது முதல் மழைக்கே நகர்ந்துவிட்டது, அதைப் புரட்டாதிக்குள் திரும்ப அடுக்க வேண்டும். முளைகளைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி அவற்றுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து, ஒவ்வொரு பெரிய மழைக்கும் பிறகு அளந்து கொப்பியில் எழுதுகிறான். அடுத்த மாரியிலும் நடுமுளை ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால், தோட்டத்தின் நடுவில் கட்டத் திட்டமிட்டிருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் பின்மூலைக்கு மாற்றுவதாகப் பேச்சு.